“எஸ்எஸ்டி போயிருச்சு” என்று கடையில் சொன்னால் உடனே நம்பாதீர்கள்

ஈரோட்டில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, விசிட்டிங் கார்டு எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில்தான். 4வது தலைமுறை ஐ5 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, விண்டோஸும் ஃபைல்களும் இருக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் நின்றுவிட்டது, 11 போடலாம் என்றால் இந்த ப்ராசஸர் அதற்கு ஆகாது. சரி என்று எச்610 போர்டு, ஐ3 12100, டிடிஆர்4 ரேம் மூன்றும் வாங்கி, கடையிலேயே மாட்டச் சொன்னேன். மாட்டினார்கள், மானிட்டர் காலியில்லை, உங்க இடத்தில் போய்ப் போட்டுக்கோங்க என்று அனுப்பிவிட்டார்கள். டெஸ்க்டாப் வரும்வரை அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

சென்டருக்கு வந்து ஆன் செய்தால் ஃபேன் ஓடுகிறது, படம் வருகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை, ஒவ்வொரு முறையும் நேராக பயாஸ் திரையில், அதாவது போர்டின் செட்டிங்ஸ் திரையில், போய் நிற்கிறது. ரேமைக் கழற்றி மாட்டினேன், சாட்டா கேபிளை மாற்றினேன், அதே கதைதான். ஆனால் ஸ்டோரேஜ் பட்டியலில் என் எஸ்எஸ்டியின் பெயரும் அளவும் தெளிவாக இருந்தன, எதிலிருந்து விண்டோஸ் தொடங்க வேண்டும் என்று காட்டும் பூட் பட்டியல்தான் காலி. அதை போனில் படம் எடுத்து வைத்தேன்.

மறுநாள் கடையில் சிபியூவை உள்ளே கொண்டுபோன பையன் பத்து நிமிடத்தில் வந்து, “அண்ணா, எஸ்எஸ்டி போயிருச்சுங்க, புதுசுதான் போடணும்” என்றான். பயாஸில் காட்டுதே தம்பி என்றால், “பேரு காட்டும்ங்க, உள்ள செத்திருக்கும்” என்றான். ஆறு வருட பத்திரிகை ஃபைல்கள், அடுத்த வாரம் முகூர்த்தம், வேறு வழி தெரியவில்லை. புது எஸ்எஸ்டிக்கு 4,200, டேட்டா ரெக்கவரிக்கு 4,500. கொடுத்தது துண்டுச் சீட்டு, அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஃபைல் எல்லாம் வந்துவிட்டது. செத்த டிஸ்க்கிலிருந்து இவ்வளவு சீக்கிரம் எப்படி வரும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சென்டரில் பத்திரிகை டிசைன் செய்யும் கோரல்ட்ராவைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டை மட்டும் காப்பி செய்திருக்கிறார்கள், என் தமிழ் ஃபான்ட் ஒன்றுகூட வரவில்லை. பழைய எஸ்எஸ்டியைக் கேட்டு ஓடினேன். “அது வேஸ்ட்டுங்ணா, இங்கயே கிடக்கட்டும்” என்றார்கள். விடாமல் நின்று வாங்கி வந்தேன்.

காலேஜ் லேபில் வேலை பார்க்கும் என் மச்சினன் அந்த போட்டோவைப் பார்த்ததுமே, “மாமா, டிஸ்க்குக்கு ஒண்ணுமில்லைங்க” என்றான். பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அமைப்பில் போட்டது. புது போர்டு யுஇஎஃப்ஐ என்ற புது முறையில்தான் பூட் ஆகும், அதற்கு டிஸ்க் ஜிபிடி என்ற புது அமைப்பில் இருக்க வேண்டும். பழைய முறைக்கு சிஎஸ்எம் என்று ஒரு ஆப்ஷன் உண்டு, ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ப்ராசஸரோடு வரும் கிராபிக்ஸை மட்டும் வைத்தால் இந்த மாதிரி போர்டுகளில் அது வேலை செய்யாது. பழைய எஸ்எஸ்டியை மாட்டி, முதலில் வேண்டியதையெல்லாம் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்தான். அப்புறம் விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி கமாண்ட் திரையில், எம்பிஆர் டிஸ்க்கை ஜிபிடியாக மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை ஓட்டினான். 2017-லிருந்து விண்டோஸ் 10-லேயே இருக்கும் கருவி, காசு கிடையாது. முதலில் மாற்ற முடியுமா என்று பார்க்கும் வேலிடேட், அது சரி என்றதும் மாற்றும் கன்வர்ட். ரீஸ்டார்ட் செய்ததும் என் பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்து நின்றது, ஃபான்ட் எல்லாம் இருக்கிறது. போர்டு மாறியதால் ஆக்டிவேஷன் மட்டும் திரும்பக் கேட்டது.

பழைய போர்டு கழற்றுவதற்கு முன்னால், வின்+ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 போட்டு பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். லெகசி (பழைய முறை) என்று இருந்தால் உங்களுக்கும் இதேதான் நடக்கலாம். பழைய டிஸ்க்கை எந்தக் காரணத்துக்காகவும் கடையில் விடாதீர்கள், அதில் உங்கள் கஸ்டமர் விவரம் மொத்தமும் இருக்கிறது.

கடையில் போய்க் கேட்டதற்கு, “எங்க மெஷினில் செக் பண்ணப்போ வரலைங்க” என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், அந்த போட்டோவும் துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. 8,700 ரூபாயில் இதுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை, வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.