மூன்று பெட்டி, எட்டு வருடம்: மரக்கப்பல் கிட் கட்டிய அனுபவம்

மரக்கப்பல் கிட், அதாவது நிஜக் கப்பலின் சின்ன மாதிரியை நாமே கட்டுவதற்கான பெட்டி, வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: வீட்டில் ஒரு மேசையை இரண்டு வருடத்துக்கு விட்டுக்கொடுப்பார்களா? காசைவிட அதுதான் பெரிய செலவு. 2017 டிசம்பரில் எனக்கு முதல் பெட்டி வந்தது. இதுவரை மொத்தம் மூன்று. ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. ஒன்று பாதியில் நின்று, பிறகு ஒருவழியாகக் கரைசேர்ந்தது. மூன்றாவது இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. நாங்கள் சாப்பிடுவது தரையில்.

பெட்டியின் மேல்படத்தில் பாய் விரித்த கப்பல் பளபளவென்று இருக்கும். திறந்தால் உள்ளே விறகுக்கட்டு. லேசரில் வெட்டிய ப்ளைவுட் தகடுகள், ரப்பர் பேண்டு போட்ட மரப்பட்டைகள், பித்தளை ஆணிகள், நூல்கண்டுகள், மிளகு அளவில் கப்பிகள், அப்புறம் மடித்து வைத்த பெரிய வரைபடத் தாள்கள். இவ்வளவுதான். ஸ்பெயினின் ஆர்ட்டெசானியா லத்தினா, ஆக்ரே, இத்தாலியின் அமாத்தி, கோரல், டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ், அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் ஆகியவை இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். என் மூன்று பெட்டிகளும் மூன்று வேறு கம்பெனிகளுடையவை. எது எது என்று சொல்லப்போவதில்லை. குறை சொல்ல நிறைய இருக்கிறது, என் கைக்குறை எவ்வளவு, அவர்கள் குறை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

முதல் பெட்டியை நான் தேர்ந்தெடுத்ததே தப்பு. சின்னதாக இருக்கிறது, சீக்கிரம் முடியும் என்று பவுண்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் படகை வாங்கினேன். 1789 ஏப்ரல் 28 அன்று மாலுமிகள் கலகம் செய்து, கேப்டன் ப்ளையையும் அவர் பக்கம் நின்ற 18 பேரையும் இறக்கிவிட்டார்களே, அந்த 23 அடிப் படகு. அதில் அவர்கள் 3,618 கடல் மைல் போய்த் தீமோர் சேர்ந்தார்கள். கதை பிடித்துப்போய் வாங்கியது. திறந்த படகுக்கு மேல்தளம் கிடையாது என்பது கட்ட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. மேல்தளம் உள்ள கப்பலில் உள்ளே பசை வழிந்தாலும், பலகைக்கும் விலாவுக்கும் நடுவே சந்து விழுந்தாலும் மூடிவிடலாம். திறந்த படகில் உள்ளேயும் கண்காட்சி, வெளியேயும் கண்காட்சி. விலாக்கால்கள் ஒவ்வொன்றும் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். வளைத்து ஒட்டும்போது பதினொன்று ஒடிந்தன. பெட்டி 11,000 ரூபாய், அனுப்பும் கூலியும் சுங்கவரியும் சேர்த்து 17,000 ஆனது. 2018 ஜூனில் அதை அப்படியே செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் போட்டேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சின்னது சுலபம் என்று நம்பாதீர்கள். மேல்தளம் உள்ளதாக, ஒன்றோ இரண்டோ பாய்மரம் உள்ளதாக, உடம்புக்குப் பெயின்ட் அடிக்கிற கப்பலாக வாங்குங்கள். பெயின்ட் பல பாவங்களை மூடும்.

இரண்டாவதாக வாங்கிய ப்ளூநோஸ் அப்படிப்பட்ட கப்பல்தான். கனடாவின் லுனன்பர்க்கில் 1921 மார்ச் 26 அன்று கடலில் இறங்கிய மீன்பிடி ஸ்கூனர், அதாவது இரண்டு பாய்மரக் கப்பல். மீன்பிடிக் கப்பல்களுக்கான பந்தயங்களில் ஜெயித்துப் பேர் வாங்கி, 1937 முதல் கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் இருக்கிறது. நிஜக் கப்பல் 143 அடி. 1:64 அளவில், அதாவது நிஜத்தில் 64-இல் ஒரு பங்காக, உடம்பு மட்டும் சுமார் 68 சென்டிமீட்டர், முன்னால் நீட்டும் கட்டை தனி. கண்ணாடிப் பெட்டிக்கு இடம் பார்த்துவிட்டுக் கப்பல் வாங்க வேண்டும், நான் செய்த மாதிரித் தலைகீழாக அல்ல.

இங்கே சில சொற்கள். நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊர்த் தோணிகளில் அடிக்கட்டைக்கு ஏரா என்று பெயர், விலாச் சட்டங்களுக்கு வங்கு, மூக்குக்கு அணியம், தோணி கட்டும் ஆசாரிக்கு ஓடாவி. கிட்டோடு வரும் கையேட்டின் மோசமான ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, இந்தப் பெயர்களைப் பென்சிலால் படத்தில் எழுதிக்கொண்டது எனக்குச் சுலபமாக இருந்தது.

கட்டும் முறை இதுதான். ப்ளைவுட் ஏராவில் காடிகள் இருக்கும். அதில் வங்குகளை ஒவ்வொன்றாகச் செருகி, நேராக நிற்கிறதா என்று பார்த்து ஒட்ட வேண்டும். செங்கோணம் பார்க்க மகனின் லெகோ கட்டைகளைத்தான் எடுத்தேன், அதைவிட நல்ல கருவி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நாலாவது வங்கைக் கட்டை வைக்காமல் கண்ணளவில் ஒட்டிவிட்டேன். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டுச் சரிக்கட்டலாம் என்று விட்டேன். அந்த ஒரு மில்லிமீட்டர் அப்புறம் மூன்று இடத்தில் தலைகாட்டியது: பலகை ஒட்டும்போது வலப்பக்கம் சின்ன வீக்கம், நீர்மட்டக் கோடு வரையும்போது அங்கே ஒரு அலை, கடைசியாக இரண்டு வருடம் கழித்துப் பாய்மரக் கயிறு கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே நீளம் வராமல் போனது. பார்க்க வருபவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் அந்தப் பக்கம் போனாலே கண் அங்கேதான் போகும்.

பலகை ஒட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நிலை. கணக்கு சின்னதுதான். என் ப்ளூநோஸின் நடுப்பகுதியில் மேலிருந்து ஏராவரை சுற்றளவு 120 மில்லிமீட்டர். பட்டை அகலம் 5, ஆகவே ஒரு பக்கத்துக்கு 24 பட்டை. ஆனால் அணியத்தில் அதே சுற்றளவு 70-தான். 24 பட்டையும் அங்கே அடங்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே இழைத்துக் குறுக வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது, போனால் நுனி ஒடியும். கையேடு இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. நான் இழைக்காமலே ஒட்டிக்கொண்டு போனேன். ஏழாவது பட்டையில் அணியத்தின் அருகே பட்டை ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. ஆணி அடித்து அமுக்கினேன். எட்டாவது அதற்கு மேலே இன்னும் தூக்கியது. இன்னும் இரண்டு ஆணி.

அந்த நிலையில் 2020 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதை அட்டைப்பெட்டியில் வைத்து, முத்துநகர் எக்ஸ்பிரஸில் மடியிலேயே கொண்டுபோனேன். பெரியப்பா வாலிபத்தில் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்தவர். கண்ணாடி போடாமல் வாங்கினார். கட்டைவிரலை அணியத்திலிருந்து பின்பக்கம் வரை மெதுவாக ஓட்டினார். திரும்ப முன்னால் வந்து ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்த இடத்துல பலகைய மிரட்டி வச்சிருக்க, என்ன?"

"ஆமா பெரியப்பா, தூக்கிக்கிட்டு நின்னுச்சு. ஆணி போட்டுட்டேன்."

"அது போற வழிய விட்டிருக்கணும்லே. ஓடாவி கிட்ட கேட்டா முதுகுல ரெண்டு வைப்பான்."

சென்னை திரும்பியதும் ஆணி போட்டு அமுக்கிய பட்டைகளையெல்லாம் பிய்த்தேன். அதன் பிறகு ஒரு பட்டையை ஒட்டுவதற்கு முன்னால் அதை வங்குகள்மேல் சும்மா படுக்க வைத்து, தானாக எங்கே போகிறது என்று பார்த்து, முந்தின பட்டைமேல் ஏறுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு இழைக்க ஆரம்பித்தேன். ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு பட்டை, பக்கத்துக்கு ஒன்று. அதற்கு மேல் ஒட்டினால் கப்பல் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

கருவிகள். பலகை வளைக்க என்று விற்கும் இடுக்கி ஒன்றை முதலில் வாங்கினேன். அது உள்பக்கத்தில் வெட்டுத் தடம் போட்டு வளைக்கிறது, தடம் விழுந்த இடத்தில் பிறகு ஒடிகிறது. தண்டம். இப்போது செய்வது: ஒரு முனையை அடைத்த பிவிசி குழாயில் சுடுதண்ணீர் ஊற்றி, பட்டையை இருபது நிமிஷம் ஊறப்போட்டு, மனைவி தூக்கிப்போட்ட முடி சுருட்டும் கருவியின் தண்டில் வைத்து மெல்ல இழுப்பேன். முதலில் முரண்டு பிடிக்கும். ஆவி வரும், ஒரு கணத்தில் பட்டை இடியாப்பம் மாதிரித் துவண்டுபோகும். அந்தக் கணத்தைத் தாண்டினால் கருகும். வளைத்ததைத் துணிக் கிளிப்பில் பிடித்து ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள்தான் பசை. ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கிப் பலகைக்கு நடுவே சந்து விழும். பசைக்கு ஃபெவிகால் தாராளமாகப் போதும், சந்து அடைக்க நம் ஆசாரிகள் செய்கிற மாதிரி மரத்தூளை அதிலேயே குழைத்தால் சரி. உடனே ஒட்டும் பசைகள் நம் ஊர் ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடுகின்றன, பெயின்ட் அடிக்காத இடத்தில் அவற்றை நான் தொடுவதில்லை. மற்றபடி நல்ல இடுக்கி இரண்டு, கையால் சுழற்றும் சின்னத் துளைப்பான், 120, 220, 400 நம்பர் உப்புத்தாள். ஆயிரக்கணக்கில் கருவி வாங்க அவசியமே இல்லை.

சென்னைக் காற்று பலகையைவிட நூலைத்தான் அதிகம் படுத்தியது. கிட்டோடு வந்தது பருத்தி நூல். மே மாதம் வீணைத் தந்தி மாதிரிக் கட்டிய கயிறுகள் நவம்பர் மழையில் இன்னும் இறுகி மேல்மரத்தைப் பின்னால் வளைத்துவிட்டன. இயற்கை நார் ஈரம் குடித்தால் பருமனாகும், நீளம் குறையும். சணல் கயிறு கட்டிய அந்தக் காலத்து நிஜக் கப்பல்களிலும் மழை வந்தால் இதே தொல்லைதான், ஆள் போட்டுத் தளர்த்துவார்கள். நான் எல்லாவற்றையும் அவிழ்த்து பாலியெஸ்டர் நூலுக்கு மாறினேன். மெழுகு போட்ட பாலியெஸ்டர் நாலு மழைக்காலம் பார்த்துவிட்டது, அசையவில்லை. ப்ளூநோஸ் 2021 ஆகஸ்டில் முடிந்தது. பிறகு பரண்மேல் கிடந்த படகை இறக்கி, ஒடிந்த விலாக்களுக்குப் பதில் மூங்கில் சீவி வைத்து அதையும் முடித்தேன். உள்ளே பார்க்காதீர்கள்.

இப்போது மேசையில் இருப்பது எண்டவர். ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் 1768-இல் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து கிளம்பிய கப்பல். அதற்கு முன் அது விட்பியில் 1764-இல் கட்டிய நிலக்கரிக் கப்பல், பெயரும் வேறு. கரி ஏற்ற இடம் வேண்டுமே, அதனால் அணியம் பானை மாதிரி உருண்டு, அடி தட்டையாக இருக்கும். வரலாற்றுப் புத்தகத்தில் படித்தபோது இது மண்டையில் ஏறவில்லை. அந்தப் பானை மூக்கில் பட்டையைச் சுற்ற, பால்பவுடர் டின்மேல் கட்டி வளைக்க வேண்டியிருந்தது, நாலு ஒடிந்தன. அப்போது ஏறியது. 1770 ஜூன் 11 ராத்திரி ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் மோதி ஓட்டை விழுந்த கப்பலை, அந்தத் தட்டையடி இருந்ததால்தான் ஆற்றுமுகத்தில் கரையோரம் சாய்த்துப் பழுது பார்க்க முடிந்தது. எடை குறைக்க அப்போது கடலில் தள்ளிய ஆறு பீரங்கிகளை 1969-இல் வெளியே எடுத்தார்கள். என் பெட்டியிலும் இரண்டு பீரங்கி குறைவாகத்தான் வந்தது. கம்பெனிக்கு எழுதி, மாற்றுப் பீரங்கிகள் வந்துசேர ஏழு வாரம். குக் கப்பலைச் சரிசெய்ததும் ஏறக்குறைய ஏழு வாரத்தில்தான்.

இம்முறை வங்குகளை மூன்று தடவை சரிபார்த்தேன். பலகைக்கு மட்டும் பதினான்கு மாதம், ஆணி அடித்து அமுக்கியது ஒன்றுகூட இல்லை. இப்போது பாய்மரத்தில் ஏறும் கயிற்றேணிகள். ஒரு ஏணிக்கு நூற்றைம்பதுக்கு மேல் முடிச்சு, படிக்குப் படி ஆறு மில்லிமீட்டர். கோடு போட்ட தாளைப் பின்னால் செருகிவைத்துக் கட்டுகிறேன். நாளைக்கு நாலு வரிசை தாண்டினால் கண் கெஞ்சும். கண் டாக்டர் கண்ணாடியை இரண்டு தடவை மாற்றிவிட்டார், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா போன வாரம் போனில் கேட்டார்: "பாய் கட்டியாச்சா?" எண்டவருக்கு நான் பாய் கட்டப்போவதில்லை. 1:64-இல் எவ்வளவு மெல்லிய துணி எடுத்தாலும் அதன் இழை கயிறு கயிறாகத்தான் தெரியும், பாய் தொங்கும் குறுக்குக் கட்டையான பருமலைச் சும்மா விடுவதே அழகு. பாய் இல்லாத கப்பலை அவரிடம் எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. இன்னும் இல்லை பெரியப்பா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.