ஹெர்குலிஸுக்கு இரண்டே என்ஜின்: மாற்று வடிவப் போக்குவரத்து விமான மாடல்களும் என் நீண்டகால அனுபவமும்

விமான மாடல் கிட் ஒன்றைச் செய்முறைத் தாளில் உள்ளபடி கட்டாமல், வரலாறு சற்று வேறு பக்கம் திரும்பியிருந்தால் அந்த விமானம் என்னவாகியிருக்கும் என்று யோசித்துக் கட்டும் பழக்கத்தை மாடல்காரர்கள் 'வாட்-இஃப்' என்பார்கள். இதில் பெரும்பாலோர் கைவைப்பது போர் விமானங்களில்தான். நான் பல ஆண்டுகளாக ராணுவப் போக்குவரத்து விமானங்களை, அதிலும் பெரும்பாலும் 1/72 அளவில் (அசலில் 72-இல் ஒரு பங்கு) நான்கு என்ஜின் சி-130 ஹெர்குலிஸ் கிட்டுகளை, இவ்வாறு மாற்றிக் கட்டிவருகிறேன். கட்டி முடித்த அன்று எந்த மாடலும் அழகாகத்தான் இருக்கும். சில கோடைகளும் சில மழைக்காலங்களும் கடந்த பிறகு அது அலமாரியில் எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

போர் விமானத்தின் இறக்கையை மாற்றினால் அது வேறு விமானமாகிவிடும். போக்குவரத்து விமானம் அப்படியல்ல: அகன்ற உடல், அதன் மேலே இறக்கை, பின்னால் இறங்கும் சரிவுக்கதவு என்ற அடிப்படையை அப்படியே வைத்துக்கொண்டு என்ஜினையோ மூக்கையோ வாலையோ சக்கரங்களையோ எவ்வளவு மாற்றினாலும், பார்ப்பவர் அதை ஹெர்குலிஸ் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார். 1954 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தை லாக்ஹீட் நிறுவனமும் பல நாட்டு விமானப் படைகளும் பீரங்கி ஏந்தியாகவும் எரிபொருள் ஊட்டியாகவும் பனிச்சறுக்கு விமானமாகவும் புயலை அளப்பதாகவும் மாற்றிப் பயன்படுத்தியிருக்கின்றன. மேசையில் நாம் செய்வதும் அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

1/72 அளவில் ஏர்ஃபிக்ஸ், இத்தாலேரி, ஸ்வெஸ்டா ஆகிய நிறுவனங்களின் ஹெர்குலிஸ் கிட்டுகள் உண்டு. அசல் விமானத்தின் இறக்கை விரிப்பு 40.4 மீட்டர், மாடலில் அது ஏறக்குறைய 56 சென்டிமீட்டர் ஆகிறது, நீளம் 41 சென்டிமீட்டர். வீட்டில் மற்றவர்களோடு அலமாரி இடத்துக்குச் சண்டை வரும் அளவு இது. 1/144 அளவில் எல்லாம் பாதியாகிவிடும் என்றாலும், இறக்கையை அறுத்து ஒட்டும் வேலைக்கு அந்தச் சிறிய பாகங்கள் போதிய பிடிமானம் தருவதில்லை. எனவே இடம் உள்ளவர்களுக்கு 1/72-ஐயே பரிந்துரைப்பேன்.

கத்தியை எடுப்பதற்கு முன் வரலாற்றைப் படிப்பது இந்த வேலையில் மிக அவசியம். கற்பனை என்று நாம் நினைப்பதை எவரோ ஏற்கெனவே உலோகத்தில் செய்து பார்த்திருப்பார்கள். ஈரானில் சிறைவைக்கப்பட்ட அமெரிக்கப் பணயக் கைதிகளை மீட்க, ஒரு விளையாட்டரங்குக்குள் இறங்கி ஏறும்படி உடலெங்கும் ராக்கெட்டுகளைப் பொருத்திய ஹெர்குலிஸை உருவாக்கினார்கள்; 1980 அக்டோபரில் சோதனையின்போது அது தரையில் மோதி நொறுங்கியது. 1963-இல் ஹெர்குலிஸின் எரிபொருள் ஊட்டி வகையான கேசி-130எஃப் ஒன்று ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கி, விமானத்தை முன்னே எறியும் கவண்பொறியின் துணையின்றியே மீண்டும் எழும்பிப் பறந்தது. நம் நாட்டிலும் இப்படி உண்டு. லடாக்கின் உயரமான தளங்களுக்குச் சரக்கு கொண்டுசெல்ல, இந்திய விமானப் படையின் சி-119 பாக்கெட் விமானங்களுக்கு முதுகின்மேல் ஒரு ஜெட் என்ஜினைக் கூடுதலாக ஏற்றினார்கள்; 1971 போரில் ஏஎன்-12 சரக்கு விமானங்களின் பின்கதவு வழியே குண்டுகளை உருட்டிவிட்டார்கள். முதுகில் ஜெட் என்ஜின் உள்ள சி-119 மாடலைப் பார்க்கும் நண்பர்கள் இன்றும் அதைத்தான் என் கற்பனை என்று நினைக்கிறார்கள்; பக்கத்தில் நிற்கும் உண்மையான கற்பனை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அந்தக் கற்பனை இரட்டை என்ஜின் ஹெர்குலிஸ். லாக்ஹீட் நிறுவனமே எல்-400 என்ற பெயரில் இரண்டு என்ஜின் கொண்ட ஹெர்குலிஸை முன்மொழிந்து, கட்டாமல் விட்டுவிட்டது. நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் விமானப் படையின் எக்ஸ்வி208 என்ற ஹெர்குலிஸில், ஏர்பஸ் ஏ400எம் ராணுவப் போக்குவரத்து விமானத்துக்கான டிபி400 என்ஜினை இடப்பக்க இறக்கையின் உட்புற இடத்தில் பொருத்தி 2008 டிசம்பரில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, தாமதத்தின் காரணமாக ஏ400எம் திட்டமே கைவிடப்படலாம் என்ற நிலை இருந்தது. தென்னாப்பிரிக்கா தன் ஆர்டரை ரத்தும் செய்தது. திட்டம் அப்போது முடிந்துபோய், என்ஜின் மட்டும் மிஞ்சியிருந்தால்? பழைய ஹெர்குலிஸின் டி56 என்ஜின் ஒன்றின் திறன் சுமார் 4,500 குதிரைத்திறன். நான்கும் சேர்ந்து சுமார் 18,000. டிபி400 ஒன்றே சுமார் 11,000 தரும். இரண்டு இருந்தால் பழைய நான்கையும் மிஞ்சிவிடும். நம்பும்படியான மாற்று வரலாற்றுக்கு இவ்வளவு கணக்குப் போதும்.

ஆனால் கணக்கு அத்துடன் விடுவதில்லை. டிபி400-இன் எட்டு அலகுச் (இதழ்) சுழல்விசிறி 5.33 மீட்டர் விட்டம் கொண்டது. பழைய நான்கு அலகு விசிறியோ 4.1 மீட்டர். மாடலில் ஆரம் மட்டும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடுகிறது. உட்புற என்ஜினின் இடத்திலேயே புதியதை வைத்துப் பார்த்தபோது அலகு நுனி உடலின் பக்கச்சுவரை உரசுவதுபோல் நின்றது. சோதனை விமானத்துக்கு அது பரவாயில்லை. தினமும் ஆட்களை ஏற்றிச் செல்லும் விமானத்தில் அவ்வளவு நெருக்கத்தில் வரும் இரைச்சலையும் அதிர்வையும் எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார். எனவே என்ஜினைப் பழைய இரு இடங்களுக்கும் நடுவே வெளிப்புறமாக நகர்த்தினேன். நகர்த்தினால், ஒரு என்ஜின் நின்றுபோகும் வேளையில் மற்றொன்று விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும் விசை பெரிதாகிவிடும். அதைச் சமாளிக்க வால்செதில் உயர வேண்டும், சுக்கான் அகல வேண்டும். இப்படி ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தைக் கேட்டுக்கொண்டே போவதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லாமல் வண்ணத்தையும் டீக்கால் எனப்படும் ஒட்டுச் சின்னங்களையும் மட்டும் மாற்றிவிட்டு மாற்று வடிவம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆர்வம் இல்லை.

என்ஜின்களை ரெவெல் நிறுவனத்தின் 1/72 ஏ400எம் கிட்டிலிருந்து எடுத்தேன். இரண்டு என்ஜினுக்காக ஒரு பெரிய கிட்டையே பலிகொடுப்பது செலவான வேலைதான், மறுக்கவில்லை. ஏ400எம்-இல் ஒவ்வோர் இறக்கையிலும் உள்ள இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. ஆகவே அலகுகளின் முறுக்கும் இருவகையாக இருக்கும். இரண்டு உட்புற என்ஜின்களையும் சேர்த்து எடுத்தால் எதிரெதிராகச் சுழலும் ஜோடி அப்படியே கிடைத்துவிடுகிறது.

மிகுந்த பொறுமை கேட்பது, பழைய என்ஜின்கள் இருந்த இடங்களை மூடும் வேலை. இறக்கையின் முன்விளிம்பில் விழும் அந்தப் பள்ளத்தைப் பட்டியால் மட்டும் நிரப்பினால் நிற்காது. பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கடுக்காக ஒட்டி, நன்றாக இறுகியபின் முரட்டு அரத்தால் உருவம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் கைபடாத இறக்கைப் பகுதியின் வளைவை ஓர் அட்டையில் வெட்டியெடுத்து, அதையே அளவச்சாக வைத்துச் சரிபார்த்துக்கொண்டே, 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவது விரலுக்கு அப்படித் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் முன்விளிம்பை நீளவாக்கில் தடவினால் மேடும் குழியும் தெரிந்துவிடும். சாம்பல்நிற பிரைமர் ஒரு பூச்சு அடித்த பிறகு மீதியும் வெளிப்படும். தேய்த்ததில் மறைந்த தகட்டுக் கோடுகளை, தடித்த லேபிள் டேப்பை விளிம்பாக ஒட்டி ஊசியால் மீண்டும் கீற வேண்டும்.

வண்ணத்தில் நான் அடக்கியே வாசித்தேன். பிரிட்டனின் ஹெர்குலிஸ் விமானங்கள் பிற்காலத்தில் அணிந்த ஒரே சாம்பல் நிறம், சிறிய அடையாள வட்டங்கள், எச்சரிக்கைக் குறிகள், அவ்வளவுதான். அங்கே சி.4, சி.5 வரை பெயரிட்டிருந்ததால் என்னுடையது ஹெர்குலிஸ் சி.6. பளபளக்கும் கற்பனைச் சின்னங்கள் பார்ப்பவரை உடனே உஷார்ப்படுத்திவிடும். அலுவலகத்தனமான சலிப்பூட்டும் வண்ணமே பொய்யை மெய்யாக்குகிறது.

இனி, ஆண்டுகள் செய்த வேலை. கிட்டுகளில் இறக்கையை உடலோடு இணைக்கும் பிளாஸ்டிக் நாக்கு மட்டும் நம் கோடைக்குப் போதாது. தயாரிப்பாளர் பெயர் வேண்டாம், ஒரு கிட்டின் இறக்கைகள் இரண்டாம் கோடையிலேயே நுனியில் தொங்கத் தொடங்கின. அதன்பின் கட்டிய ஒவ்வொன்றிலும் உடலின் குறுக்கே பித்தளைக் குழாய் ஒன்றைச் செலுத்தி, இருபுறமும் இறக்கைக்குள் நீளவிட்டிருக்கிறேன். அவற்றில் இன்றுவரை தொய்வில்லை. ஸ்ப்ரூ (கிட்டின் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டுகளைப் பசையில் கரைத்துச் செய்யும் பட்டி, உள்ளிருக்கும் கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறும்போது சுருங்கி, வண்ணம் பூசிச் சில மாதங்கள் கழித்து மூட்டின் தடத்தை மறுபடி காட்டும். தேய்ப்பதற்கு முன் அதைப் பல வாரங்கள் சும்மா விட வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் சூப்பர் க்ளூவைப் பயன்படுத்தலாம். ஆனால் அதை அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், மறுநாள் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி நிற்கும்.

மூக்கில் வைக்கும் எடையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வால் தரையில் சாயாமல் இருக்கச் சிலர் ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து மூக்குக்குள் ஊற்றுகிறார்கள். ஈயமும் அந்தப் பசையும் காலப்போக்கில் வினைபுரிந்து வெண்பொடியாக உப்பி, மூட்டையே பிளந்துவிடும். எஃகுக் குண்டுகளை எபாக்ஸியில் பதித்தால் இந்தத் தொல்லை இல்லை. வால்செதிலை உயர்த்திய மாடலுக்கு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் எடை தேவைப்படும் என்பதால், விமானி அறைத் தரையை ஒட்டுவதற்கு முன்பே இதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கடலோர ஊர்களில் மழைநாளில் லாக்கர் வண்ணம் அடித்தால் பூச்சு வெளுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் நான் அறுப்பதும் தேய்ப்பதும் மட்டுமே செய்கிறேன். பழைய கிட்டின் டீக்கால் தாள் மஞ்சளித்திருந்தால் அதை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாட்கள் ஒட்டிவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். நம் வெயிலால் கிடைக்கும் அபூர்வ நன்மைகளில் இது ஒன்று. எட்டு அலகு விசிறிகள்தான் தூசி தட்டும்போது முதலில் முறிபவை; அவற்றை ஒட்டாமல், கழற்றக்கூடிய அச்சில் பொருத்தியிருப்பதால் தனியே எடுத்துவைத்துவிட்டு மெல்லிய தூரிகையால் மாடலைத் துடைக்க முடிகிறது.

முதன்முதலாக இதில் இறங்குவோர் ஏ400எம் கிட்டையெல்லாம் வாங்க வேண்டியதில்லை. இத்தாலேரியின் 1/72 சி-27ஜே ஸ்பார்டன் கிட்டில் கிடைக்கும் ஆறு அலகு விசிறி, அசலில் ஹெர்குலிஸின் புதிய வகையான சி-130ஜே-யில் உள்ள அதே டவுட்டி நிறுவன விசிறிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டின் என்ஜின்களும் ஒரே ரோல்ஸ் ராய்ஸ் ஏஇ 2100 வகைதான். அந்த ஜோடியைப் பழைய ஹெர்குலிஸ் உடலில் ஏற்றினால், திறன் குறைந்த, ஆனால் எல்-400 முன்மொழிவுக்கு நெருக்கமான இரட்டை ஹெர்குலிஸ் கிடைக்கும். மிஞ்சும் ஸ்பார்டன் உடலுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு, மிதவைகள் பொருத்திய கடல் ரோந்து விமானம் ஒன்றை இப்போது தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன். மிதவைகளின் நீளத்தை முடிவு செய்தபின் வாலில் என்ன மாற்ற வேண்டியிருக்கும் என்பது தெரியவரும்.