ஸ்மார்ட் வாட்ச் காட்டும் மன அழுத்த எண்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது?

காலடிகளையும் தூக்கத்தையும் கணக்கிடும் ஸ்மார்ட் வாட்சுகள் பலவற்றில், அணிந்திருப்பவரின் மன அழுத்தத்தை 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாகக் காட்டும் வசதியும் இப்போது சேர்ந்தே வருகிறது. வேலைப்பளு கழுத்தை நெரித்த காலத்திலும், அது தணிந்து சற்று மூச்சுவிட முடிந்த காலத்திலும் இப்படிப்பட்ட ஒரு கடிகாரத்தைத் தொடர்ந்து அணிந்து, அது காட்டிய எண்களையும் நான் உள்ளே உணர்ந்ததையும் ஒப்பிட்டு வந்திருக்கிறேன். வெவ்வேறு நிறுவனங்களின் கடிகாரங்களிலும் இந்த வசதி பெரும்பாலும் ஒரே அடிப்படையில் இயங்குவதால், நிறுவனத்தின் பெயரை விடுத்து வசதியை மட்டுமே மதிப்பிடுகிறேன். அந்தந்த நொடியில் திரையில் தெரியும் எண்ணுக்காக இதை வாங்க வேண்டாம். நாள் முழுவதற்குமான வரைபடத்துக்காகவும் மூச்சுப் பயிற்சிக்காகவும் வாங்கலாம் என்பதே என் தீர்ப்பு.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதை எந்த அளவுக்கு நம்புவது என்பது பிடிபடும். கடிகாரத்தின் அடிப்பகுதியில் மினுங்கும் பச்சை ஒளி தோலுக்குள் பாய்ந்து, ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்த நாளங்களில் கூடிக் குறையும் இரத்தத்தின் அளவுக்கேற்ப மாறுபட்டுத் திரும்புகிறது. அதிலிருந்து அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் கணக்கிடப்படுகிறது. நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயம் சரியாக நொடிக்கு ஒரு முறை துடிப்பதில்லை. ஓர் இடைவெளி 0.95 நொடியாகவும் அடுத்தது 1.04 நொடியாகவும் இருக்கலாம். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி அது தளர்வதும் இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். உடல் ஓய்வாக இருக்கையில் இந்த ஏற்ற இறக்கம் தாராளமாக இருக்கும். ஆபத்தையோ அவசரத்தையோ எதிர்கொள்ளப் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படும்போது துடிப்பு விரைந்து, இடைவெளிகள் ஏறத்தாழ ஒரே அளவாக இறுகிவிடும். இந்த வேறுபாட்டை எப்படி அளப்பது என்பதற்கு ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் இணைந்து 1996-இல் நெறிமுறைகளை வெளியிட்டன. ஆனால் அந்த அளவீட்டை ஒற்றை எண்ணாக மாற்றும் சூத்திரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. அது பொதுவாக முழுமையாக வெளியிடப்படுவதும் இல்லை. ஆகவே இருவர் தங்கள் கடிகாரங்களை அருகருகே வைத்து, யாருக்கு அழுத்தம் அதிகம் என்று ஒப்பிடுவதில் பொருளில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடிகாரம் அளப்பது உடலின் கிளர்ச்சியை. அந்தக் கிளர்ச்சி எதனால் வந்தது என்பது அதற்குத் தெரியாது. 1936-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செலி எழுதிய சிறு கட்டுரை, குளிர், காயம், மருந்து என்று எலிகளை எதற்கு உட்படுத்தினாலும் அவற்றின் உடல் பொதுவான ஒரே வகையில் எதிர்வினை காட்டுகிறது என்று சொன்னது. கடிகாரம் கண்டுகொள்வதும் அந்தப் பொதுவான எதிர்வினையின் ஒரு பகுதியை மட்டுமே. அதனால்தான், கடைசி நிமிடம் வரை முடிவு தெரியாத ஒரு விளையாட்டுப் போட்டியை உற்சாகமாகப் பார்த்துக்கொண்டிருந்த மாலையில் என் கடிகாரம் 80-ஐத் தாண்டிச் சென்று, ஓய்வெடுக்குமாறு அறிவுறுத்தியது. மேலதிகாரி அனுப்பிய இறுக்கமான ஒற்றை வரிப் பதிலைத் திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிக்கொண்டு நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருந்த இன்னொரு மாலையில், அது 28 என்று காட்டி, நான் அமைதியாக இருப்பதாகச் சொன்னது. காப்பி குடித்தாலும், இரவு தாமதமாக வயிறு நிறையச் சாப்பிட்டாலும், காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரவிலும் எண் ஏறுகிறது. காய்ச்சலை முன்கூட்டியே உணர்த்துவது பயனுள்ளதுதான் என்றாலும், அதற்கு மன அழுத்தம் என்று பெயரிட்டுக் காட்டுவது பயனரைத் தவறான திசையில் தேட வைக்கிறது.

ஒரு சூழலை மனிதர் எப்படி எடைபோடுகிறார், அதைச் சமாளிக்கத் தன்னிடம் உள்ள வலு போதுமா போதாதா என்று எப்படிக் கணிக்கிறார் என்பதைப் பொறுத்தே அழுத்தம் அமைகிறது என்று உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் விளக்கினார். அந்தக் கணிப்பைப் பச்சை ஒளி எட்டுவதில்லை. கேள்வி கேட்டால்தான் அது வெளியே வரும். ஷெல்டன் கோஹனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1983-இல் வெளியிட்ட, உணரப்படும் அழுத்தத்துக்கான கேள்வித்தொகுப்பின் பத்துக் கேள்விகள் கொண்ட வடிவம், கடந்த ஒரு மாதத்தில் வாழ்வின் முக்கியமான விஷயங்கள் கைமீறிப் போவதாக எத்தனை முறை தோன்றியது என்பது போன்றவற்றைக் கேட்டு, 0 முதல் 40 வரை மதிப்பெண் தருகிறது. நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாத அந்தத் தாள், என் நிலையைக் கடிகாரத்தின் மாதச் சராசரியைவிடத் தெளிவாகச் சொன்னது. கடிகாரம் வாங்குபவர்கள் மாதம் ஒரு முறையாவது இத்தகைய கேள்விகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இனி இந்த வசதியின் உண்மையான வலிமைக்கு வருகிறேன். செயலியைத் திறந்தால் நாள் முழுவதற்குமான வரைபடம் சிறு சிறு கோடுகளாகத் தெரிகிறது: கிளர்ச்சியான நேரம் ஆரஞ்சு நிறத்தில், ஓய்வான நேரம் நீலத்தில். ஒரு நாளின் வரைபடம் எதையும் சொல்வதில்லை. சில வாரங்களின் வரைபடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தபோதுதான் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. வாராந்திரக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும் நேரத்தைவிட, அதற்கு முந்தைய அரை மணி நேரத்திலேயே கோடுகள் உயரமாக இருந்தன. கூட்டத்துக்குள் நுழைந்து பேசத் தொடங்கியதும் அவை இறங்கத் தொடங்கின. என்னை வருத்தியது கூட்டத்தைவிடக் காத்திருப்புதான் என்பதை நான் அதுவரை இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. அதற்குப் பிறகு, அந்த அரை மணி நேரத்தில் குறிப்புகளை மீண்டும் மீண்டும் புரட்டுவதை விட்டுவிட்டு எழுந்து நடக்கத் தொடங்கினேன்.

அதைவிட முக்கியமான செய்தி இரவில் இருந்தது. வேலையை மாலையிலேயே முடித்துவிட்ட நாட்களிலும், படுக்கையில் இருந்தபடி அலுவலகச் செய்திகளுக்குப் பதில் அனுப்பிய இரவுகளில் ஆரஞ்சு நிறம் நள்ளிரவைத் தாண்டி நீண்டது. தூக்கத்தின் முதல் பகுதியில் நீலமே தெரியவில்லை. அழுத்தம் என்பது தன்னளவில் கெடுதல் அல்ல. ஒரு தேவை வரும்போது அட்ரீனலினும் கார்ட்டிசாலும் சுரந்து, சர்க்கரையையும் இரத்தத்தையும் வேண்டிய இடத்துக்கு அனுப்பி, தேவை தீர்ந்ததும் அடங்குவதற்காகவே இந்த அமைப்பு உடலில் இருக்கிறது. அது அடிக்கடி தூண்டப்படுவதும், தூண்டப்பட்டபின் அடங்காமல் தொடர்வதுமே நாளடைவில் உடலைத் தேய்க்கின்றன என்ற கருத்தை ப்ரூஸ் மக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993-இல் முன்வைத்தார்கள். அந்தக் கோணத்தில் பார்த்தால், ஓர் எண் எவ்வளவு உயரம் போனது என்பதைக் காட்டிலும் எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. செய்திகளைப் பார்க்கும் வேலையை முன்னிரவிலேயே முடித்துக் கைபேசியை வேறு அறையில் வைக்கத் தொடங்கிய பிறகு, நீல நிறம் முன்பைவிட விரைவில் தொடங்குவதைத் தொடர்ந்து காண்கிறேன். பிறர் எத்தனை முறை அறிவுரை சொல்லியும் மாறாத ஒரு பழக்கம், என் உடலின் பதிவைக் கண்ணால் கண்டதும் மாறியது என்பதற்காக இந்தக் கருவிக்கு நான் நன்றியுடையவன்.

மூச்சுப் பயிற்சி வசதியும் பாராட்டுக்குரியது. திரையில் ஒரு வட்டம் மெல்ல விரிந்து சுருங்க, மணிக்கட்டில் வரும் மென்மையான அதிர்வைப் பின்பற்றிக் கண்ணை மூடிக்கொண்டே மூச்சுவிடலாம். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சுகள் என்ற வேகம், இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலின் தாளத்தோடு பொருந்துவதால், இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் அந்த வேகத்தில் மிகுதியாகிறது. இதில் ஒரு நுணுக்கத்தை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்: மெதுவாக மூச்சுவிடுவதே அந்த ஏற்ற இறக்கத்தை நேரடியாகக் கூட்டிவிடுகிறது, ஆகவே பயிற்சி முடிந்ததும் எண் சட்டென்று இறங்குவதை, கவலை தீர்ந்ததற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் தோள்கள் தளர்வதும், இறுகியிருந்த தாடை இளகுவதும் எண்ணைப் பார்க்காமலே உணரக்கூடியவை.

என் கடிகாரத்தில் இந்தப் பயிற்சி ஒரு நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அமைப்புகள் பகுதிக்குள் போய் நீட்டிக்க வேண்டியிருக்கிறது. "ஆழமாக மூச்சை இழுங்கள்" என்ற அறிவுறுத்தலும் சரியல்ல, ஏனெனில் வலிந்து ஆழமாகவும் வேகமாகவும் இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும். மெதுவாக, இயல்பான அளவில், வெளிமூச்சைச் சற்று நீட்டி விடுவதே வேண்டியது. மூச்சின் மீது கவனத்தைத் திருப்பினாலே பதற்றம் கூடிவிடும் சிலருக்கு இந்தக் கடிகாரத்தில் வேறு வழியே இல்லை. எட்மண்ட் ஜேக்கப்சன் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய, கை, தோள், முகம் என்று தசைத் தொகுதிகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அதிர்வுகளின் துணையோடு வழிநடத்த இந்தக் கருவியால் எளிதாக முடியும்; அதைச் சேர்க்காதது பெரிய விடுபடல்.

துல்லியத்தைப் பொறுத்தவரை, அசையாமல் இருக்கும்போதும் தூக்கத்திலும் கிடைக்கும் அளவுகளே நம்பத்தக்கவை. வார் தளர்ந்திருந்தாலோ கை குளிர்ந்திருந்தாலோ அளவு தடுமாறுகிறது. நடக்கும்போது வரைபடத்தில் பல இடங்கள் வெறுமையாகவே விடப்படுகின்றன. கடிகாரத்தை வாங்கியவுடன் 'அழுத்தம் அதிகம்' என்ற அறிவிப்பை அணைத்துவிடுவது நல்லது. கடினமான ஓர் உரையாடலின் நடுவே மணிக்கட்டு அதிர்ந்து, நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள் என்று சொல்வது யாருக்கும் உதவுவதில்லை; உடல்நலம் குறித்து ஏற்கெனவே கவலைப்படும் இயல்புடையவர்கள் எண்ணை மணிக்கொரு தரம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், அவர்களுக்கு இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதயத் துடிப்பின் பதிவுகள் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கின்றனவா, அவற்றை அழிக்க முடியுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பணியிடமே கடிகாரத்தைக் கொடுக்கிறது என்றால், பதிவுகளை யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இவ்வகைக் கருவிகளோடு வரும் விளம்பரங்களில் எனக்கு உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலையின் நெருக்கடி அதிகமாகவும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்குள்ள அதிகாரம் குறைவாகவும் இருக்கும் நிலையே ஊழியரை மிகவும் வருத்துகிறது என்று ராபர்ட் காராசெக் 1979-இலேயே எடுத்துக்காட்டினார். ஆள் பற்றாக்குறையையும், நேரம் கெட்ட நேரத்தில் வரும் உத்தரவுகளையும், வீட்டில் நோயாளியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் சுமையையும் மூச்சுப் பயிற்சி தீர்ப்பதில்லை. இருந்தும், எண் உயர்ந்தால் அணிந்திருப்பவரே தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற தொனியிலேயே செயலியின் செய்திகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, கடிகாரம் அமைதி என்று காட்டினாலும் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும். நெஞ்சுவலி வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த இரண்டையும் முதல் திரையிலேயே அச்சிட்டிருக்கலாம்.

அடுத்த பதிப்பில் நான் எதிர்பார்ப்பது, வரைபடத்தின் எந்தக் கோட்டையும் தொட்டு ஒரு வரி எழுதிவைக்கும் வசதி. அது இல்லாததால், உயரமான கோடுகளுக்குரிய நேரத்தையும் அப்போது நடந்ததையும் கைபேசியின் குறிப்பேட்டில் தனியாக எழுதி, வார இறுதியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவருகிறேன். உற்சாகத்தால் எழுந்த கோட்டையும் மனக்கசப்பால் எழுந்த கோட்டையும் பிரித்தறிய இப்போதைக்கு அந்த ஒரு வரிக் குறிப்பைத் தவிர வேறு வழியில்லை.