ஸ்கேல் வைத்து மத்தி விற்கும் பொள்ளாச்சி மீன் கடை

எங்கள் வீதி முனையில் இருக்கும் மீன் கடைக்கு நாலு வருசமாகப் போகிறேன். விடியக்காலையில் பாலக்காடு வழியாக வண்டி வந்துவிடும். எட்டு மணிக்குள் போனால் செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும். ஞாயித்துக்கிழமை கூட்டத்தில் மட்டும் செதிலை அரைகுறையாக விட்டுவிடுவார்கள், வீட்டில் இன்னொரு தடவை தேய்க்க வேண்டும்.

இதை எழுத வைத்தது தராசுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் பள்ளிக்கூடத்து ஸ்கேல். போன மாசம் ஒரு கூடை மத்தி வந்தது, எல்லாம் விரல் நீளம். கடைக்காரத் தம்பி நாலைந்தை எடுத்து மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தார். எட்டு, எட்டரை. "இது வேண்டாமுங்க டீச்சர், பத்து இல்லீங்க" என்று கூடையையே திருப்பி அனுப்பிவிட்டார். மனசு நிறைந்துவிட்டது.

அந்தப் பத்து, இதற்குச் சின்னதைப் பிடிக்கக் கூடாது என்று கேரளத்தில் 2015-ல் சட்டமான அளவு. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14. பரிந்துரைத்தது கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் மத்தி பெரும்பாலும் 15 செ.மீ. நெருங்கித்தான் சினைக்கு வரும். விலங்கியல் பாடம் எடுத்தவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? துறைமுகத்தில் அளந்து அபராதம் போட, மீனுக்கு ஒரே எண் வேண்டும். மீனவர் பிழைப்பும் கெடக்கூடாது. சட்டம் இப்படிக் கேட்டால் விஞ்ஞானியின் பதிலும் அதற்குத் தோதாகத்தான் வரும். நம் கிழக்குக் கரைத் தடைக்காலமும் அப்படியே. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ஆனால் எல்லா மீனும் அந்த ரெண்டு மாசத்திலா முட்டை போடுகிறது? அமெரிக்காவில் மீன்பிடிச் சட்டத்துக்கு 2006-ல் வந்த திருத்தம் இன்னும் கறார். விஞ்ஞானக் குழு சொன்ன அளவுக்கு மேல் பிடிக்க விட முடியாது. அதனால், விவரம் கம்மியாக இருக்கும் மீனுக்கும் அவர்கள் ஓர் எண் சொல்லியாக வேண்டும்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப பத்துங்கறது சினை அளவு இல்லீங்களா?" என்றார். மறுவாரம் போனபோது ஸ்கேலில் 15-க்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு. பத்துக்கு மேல் வருவதை எல்லோருக்கும் விற்கிறார். எனக்கு மட்டும் கோட்டைத் தாண்டியதாகப் பொறுக்கித் தருகிறார், கிலோவுக்கு இருபது ரூபாய் கூட.