ரீஃப் தொட்டிக்கு நான்கு கட்ட ஆர்ஓ-டிஐ: யூனிட் சரி, உடன் வராதவைதான் பிரச்சினை

வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆர்ஓ தொங்கும்போது பவளத் தொட்டிக்கென்று இன்னொன்று எதற்கு என்ற கேள்விக்கு முதலில் பதில். குடிநீர் மெஷின் ருசிக்காகக் கட்டப்பட்டது. வடித்த நீரில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) கண்ட்ரோலர் கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும், மினரல் கேட்ரிட்ஜ் தன் பங்குக்கு உப்பைச் சேர்க்கும். ‘காப்பர்’ என்று போட்ட மாடலாக இருந்தால் அந்தத் தண்ணீரைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நமக்கு நல்லது என்று விற்கிற அதே செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம்.

இங்கே பார்ப்பது பல பெயர்களில் விற்கும் ஒரே அமைப்பு: மண், தூசியைப் பிடிக்கும் 5 மைக்ரான் செடிமென்ட், குளோரினை நீக்கும் கார்பன் பிளாக், உப்பைத் தடுக்கும் 75 ஜிபிடி மெம்பிரேன், அதையும் தாண்டி வரும் மிச்ச உப்பைப் பிடிக்க 10 அங்குலக் குழாயில் டிஐ ரெசின். 75 ஜிபிடி என்றால் நாளுக்கு 75 கேலன், அதாவது 284 லிட்டர். ஆனால் அது 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 25 டிகிரி தண்ணீரில் வரும் கணக்கு. இரண்டு மாடி உயரத்து மேல்நிலைத் தொட்டி தருவது 10 பிஎஸ்ஐ சொச்சம்தான். பெட்டியில் பம்ப் வருவதில்லை. 24 வோல்ட் பூஸ்டர் பம்ப் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டாமல் இதை ஓட்டவே வேண்டாம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் மெதுவாக வரும் என்பதோடு போவதில்லை, மெம்பிரேன் உப்பைத் தடுக்கும் விகிதமும் சரியும்.

அந்தச் சரிவின் விலையை ரெசினில் பார்க்கலாம். சென்னைப் புறநகர் போர் தண்ணீரின் டிடிஎஸ் 1,000 பிபிஎம் (லிட்டருக்கு 1,000 மில்லிகிராம்) என்று வைத்துக்கொள்வோம். 97 சதவீதம் தடுத்தால் ரெசினுக்குப் போவது 30. ஒரு குழாய் ரெசின் ஏறக்குறைய 450 லிட்டர் தாங்கும். தடுப்பு 93 ஆக இறங்கினால் ரெசினுக்குப் போவது 70, அதே குழாய் 200 லிட்டரில் தீர்ந்துவிடும். மெட்ரோ தண்ணீர் 300 பிபிஎம்தான் என்றால் கவலை குறைவு. ஆனால் அதில் குளோரின் இருக்கும், அது மெம்பிரேனை அரிக்கும். கார்பனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

யூனிட்டோடு வரும் டிடிஎஸ் மீட்டருக்கு ஒரே ஒரு சென்சார், அதுவும் ரெசினுக்குப் பின்னால். அது 000 காட்டிக்கொண்டே இருக்கும், முன்னால் மெம்பிரேன் செத்துக்கொண்டிருப்பது தெரியாது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சென்சார் அவசியம். அதே இடத்தில் ஒரு டி-வால்வும் போடுங்கள். மெஷின் நின்றிருக்கும் நேரத்தில் மெம்பிரேனின் இரு பக்கமும் உப்பு மெல்ல சமமாகிவிடுவதால், மறுபடி போட்டவுடன் வரும் முதல் தண்ணீரில் டிடிஎஸ் பல மடங்கு எகிறும். முதல் 5 நிமிடம், அதாவது ஒரு லிட்டர் அளவுக்கு, வாளியில் விட்டுவிட்டு ரெசின் பக்கம் திருப்ப வேண்டும். மிதவை வால்வு வைத்து அரை லிட்டர் அரை லிட்டராக நிரப்புகிறவர்கள் ரெசினைக் காசு கொடுத்துக் கரைக்கிறார்கள். டிரம்மை ஒரே மூச்சில் நிரப்புவதே நல்லது.

மீட்டர் 000 காட்டியும் தொட்டி மணலில் பழுப்புப் படலம் படர்கிறதா? சிலிக்காவைச் சந்தேகப்படுங்கள். அது மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, மீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ரெசின் களைக்கும்போது முதலில் நழுவுவதும் அதுதான். தீரத் தீர நிறம் மாறும் ரெசினாக இருந்தாலும், நிறம் முழுக்க மாறட்டும் என்று காத்திருக்காமல் 001 வந்ததுமே மாற்றுவது உத்தமம். ரெசினைத் தட்டித் தட்டி இறுக்கமாக நிரப்புங்கள். தளர்வாக இருந்தால் தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும்.

வேஸ்ட் தண்ணீர் நல்ல தண்ணீரைப் போல 3 முதல் 4 மடங்கு வர வேண்டும். அளவுக் குவளையும் கடிகாரமும் வைத்து ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். நல்லது 200 மில்லி என்றால் வேஸ்ட் 600-க்குக் குறையக் கூடாது. தண்ணீரை மிச்சப்படுத்துகிறேன் என்று வேஸ்ட் வழியை இறுக்கினால் போர் தண்ணீரின் கால்சியம் மெம்பிரேனிலேயே படிந்துவிடும். வேஸ்ட் தண்ணீரைப் பாத்ரூம் கழுவ வாளியில் பிடித்து வைத்துக்கொள்ளலாமே. ரெசினுக்குப் பிறகு பித்தளை இணைப்பு எதுவும் வேண்டாம், உப்பில்லாத தண்ணீர் அதிலிருந்து செம்பை உருவிவிடும்.

ஆறு கட்டம், ஏழு கட்டம் என்று வரும் மாடல்களில் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் இன்னொரு கார்பன்தான். அந்தக் காசுக்கு இரண்டாவது ரெசின் குழாயை வரிசையில் மாட்டலாம். முதல் குழாய் தீர்ந்ததும் இரண்டாவதை முன்னால் நகர்த்தி, புதிதாக நிரப்பியதைப் பின்னால் வையுங்கள்.