பழைய பிக்கப்பை வெட்டி டிரெய்லராக்கத் தருபவர்கள் கவனிக்க வேண்டியது

மலேசியாவின் பினாங்குப் பெருநிலத்தில் பழைய பிக்கப் வண்டியின் பின்பாதியை வெட்டி, சாமான் ஏற்றும் டிரெய்லராகச் செய்து தருவதாகச் சொல்லும் பட்டறைகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றிடம் என் அப்பாவின் பழைய டொயோட்டா ஹைலக்ஸை ஒப்படைத்தேன். இன்று என்னிடம் இருப்பது சாலையில் ஓட்ட முடியாத, பதிவு செய்யவும் முடியாத ஓர் இரும்புப் பெட்டி. வண்டியின் முன்பாதி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் அந்த வண்டி இன்னும் எங்கள் குடும்பத்தின் பெயரில்தான் பதிவில் இருக்கிறது. வேறு யாரும் இந்த நிலைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். போலீஸில் புகார் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே சொல்லவில்லை.

இந்த வேலையே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. யோசனை நல்லதுதான். பிக்கப்பின் பின்பாதியில் பாரம் தாங்கும் பட்டை ஸ்பிரிங், அச்சு, சக்கரம், சாமான் தட்டு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைந்திருக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பண்ணைக்காரர்கள் நெடுங்காலமாக இப்படிச் செய்து பயன்படுத்துகிறார்கள். தைப்பூசத்துக்கு எங்கள் உறவினர்கள் சேர்ந்து தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். அண்டா, அடுப்பு, மேசை, நாற்காலி என்று எல்லாவற்றையும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் கடந்து தீவிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் கொண்டுபோக ஆண்டுதோறும் லோரிக்கு வாடகை கொடுக்கிறோம். அப்பாவின் வண்டியோ எஞ்சின் ஓய்ந்து வீட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பயனுள்ளதாக்கலாம் என்றுதான் கொடுத்தேன்.

பட்டறைக்காரர் தமிழர். அப்பாவைத் தெரியும் என்றார், என்னைத் தம்பி என்று அழைத்தார். "தம்பி, நம்பர் பிளேட்டோடு கையில் தருகிறேன். சாலைப் போக்குவரத்துத் துறை வேலையெல்லாம் என் பொறுப்பு. நீங்கள் அலைய வேண்டியதில்லை" என்று உறுதி சொன்னார். கூலி 3,200 வெள்ளி (ரிங்கிட்). முன்பாதியில் இருக்கும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடைக்குப் போட்டு அந்தத் தொகையைக் கூலியில் கழிப்பது, சேசிஸ் எண் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்) உள்ள முன்துண்டை என்னிடம் திருப்பித் தருவது என்று பேசினோம். இவ்வளவும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கிறது. வண்டியின் கிராண்டையும், அதாவது உரிமைப் பத்திரத்தையும், அவர் கேட்டார். பதிவு வேலைக்கு வேண்டும் என்று சொன்னதால் கொடுத்தேன்.

நான் எழுதுவதில் முக்கியமான செய்தி அந்தச் சேசிஸ் எண்தான். ஹைலக்ஸில் அது முன்சக்கரத்துக்கு அருகே, வலப்பக்கச் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பின்பாதியில் கிடையாது. ஆகவே ஓட்டுநர் அறைக்குப் பின்னால் சட்டத்தை அறுத்த உடனேயே வண்டியின் அடையாளம் முழுவதும் முன்பாதியோடு போய்விடுகிறது. நமக்குக் கிடைக்கும் பின்பாதி எந்த எண்ணும் இல்லாத வெறும் இரும்பு. அது எந்த வண்டியிலிருந்து வந்தது, திருட்டு வண்டியா இல்லையா என்று எந்த அதிகாரிக்கும் நம்மால் நிரூபிக்க முடியாது. முன்பாதியை வைத்திருப்பவர் கையிலோ எண், எஞ்சின், கிராண்ட் மூன்றும் இருக்கின்றன. அந்த எண்ணை வேறொரு வண்டியில் ஏற்றி ஓட்டினால் சம்மன் யார் பெயருக்கு வரும்? பதிவில் இருக்கும் உரிமையாளர் பெயருக்குத்தான். என் அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர் பெயரில் எங்கிருந்து என்ன வந்து சேரும் என்று வீட்டில் எல்லோரும் அஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

வேலை முடிந்தது என்று அழைத்தபோது கூலி 4,700 வெள்ளியாகியிருந்தது. இரும்பு விலை ஏறிவிட்டதாம். எஞ்சினுக்குக் கழிவு ஏதும் இல்லை. "அது துருப்பிடித்துப் போயிருந்தது தம்பி, எடுத்துப்போகக்கூட ஆள் வரவில்லை" என்றார். எண் பொறித்த முன்துண்டைக் கேட்டபோது, பதிவுக்காகக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில், ரசீது எங்கே என்று கேட்டேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்ற பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பிறகு நானே சாலைப் போக்குவரத்துத் துறைக் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். டிரெய்லர் என்பது இழுக்கும் காரின் உதிரிப்பொருள் அல்ல, அது தனி வண்டி. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஒரு வண்டியின் கட்டமைப்பை மாற்ற வேண்டுமானால் வரைபடத்தோடு முதலில் அனுமதி கேட்க வேண்டும், பிறகு பரிசோதனை. அறுத்துப் பற்றவைத்து முடித்த பொருளைக் கொண்டுவந்து எண் கொடுங்கள் என்று கேட்பது நடைமுறையே இல்லை. அப்பாவின் வண்டி எண்ணில் எந்த விண்ணப்பமும் வரவில்லை என்பதையும் அவரே பார்த்துச் சொன்னார். பட்டறைக்காரர் ஒரு காகிதத்தைக்கூட நகர்த்தவில்லை.

காகிதத்தில் நடந்த மோசடி இது. வேலையில் நடந்தது இதைவிடக் கொடுமை. அது உயிரோடு விளையாடிய வேலை.

பதிவு வந்துவிடும் என்ற பேச்சில் எங்களை நம்பவைத்து, ஒரு முறை இழுத்துப் பாருங்கள் என்று டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையையும் அவரே நான் ஓட்டும் வண்டியின் பின்னால் பொருத்திவிட்டார். சிம்பாங் அம்பாட்டுக்கு அருகில், சாலையில் இருந்த ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது டிரெய்லரின் முன்முனையில் உருண்டையைக் கவ்வும் கிண்ணம் எகிறிக் கழன்றது. முன்சட்டம் தாரைக் கீறிக்கொண்டு வந்தது. பாதுகாப்புச் சங்கிலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் நாய்ச்சங்கிலி அளவுக்கு மெலிதானது. எப்படியோ அறுந்துபோகாமல் தாங்கியது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞர் ஒதுங்கித் தப்பினார். அவருடைய முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

என் அத்தை மகன் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டராக இருந்தவர். டிரெய்லரை வீட்டுக்குக் கொண்டுவந்து அவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கிண்ணம் 50 மில்லிமீட்டர் உருண்டைக்கு உரியது. என் வண்டியில் பொருத்தப்பட்டிருந்த உருண்டையோ 1 7/8 அங்குலம், அதாவது 47.6 மில்லிமீட்டர். கைப்பிடியை மூடினால் மூடிக்கொள்ளும், பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் உள்ளே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம். உருண்டையின் தலையிலேயே அளவு பொறித்திருக்கும், கிண்ணத்திலும் இருக்கும். இரண்டையும் படித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சங்கிலியும் இரண்டு இருக்க வேண்டும். கிண்ணத்துக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கழன்றாலும் முன்சட்டம் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் ஏந்திக்கொள்ளும்.

அடுத்து, பற்றவைப்பு. முன்னால் நீளும் இழுவைச் சட்டத்துக்குக் கனமான இரும்பு போடுவதாகச் சொன்னவர், வீட்டு கேட் செய்யும் மெல்லிய சதுரக் குழாயைப் போட்டிருந்தார். ஒழுங்காகச் செய்தால் அந்தச் சட்டம் பழைய சேசிஸின் அடியில் நல்ல நீளத்துக்கு உள்ளே சென்று, பக்கத்தில் தகடு கொடுத்து, போல்ட்டும் பற்றவைப்புமாக நிற்க வேண்டும். இங்கே முனையை முனையோடு வைத்து ஒட்டியிருந்தார்கள். கறுப்புச் சாயத்தைச் சுரண்டியபோது அதன் கீழே பட்டி (பள்ளத்தை மறைக்கப் பூசும் பசை) இருந்தது. பட்டியைத் தட்டி எடுத்தால் துருவைக்கூடத் தேய்க்காமல் அதன் மேலேயே வைத்த பற்றவைப்பு, கறையான் அரித்த மரம்போலத் துளைத்துளையாக இருந்தது. அத்தை மகன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மச்சான், அரை டன் ஏற்றிப் பாலத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். 13.5 கிலோமீட்டர் பாலம், கடல் காற்று, பக்கத்தில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். எனக்கு உடம்பு நடுங்கியது.

புதிய பற்றவைப்புக்கு மேல் பட்டி பூசியிருந்தால் அந்த வேலையை ஏற்கவே ஏற்காதீர்கள். சாயம் அடிப்பதற்கு முன்னால் வந்து பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேர்மையான வெல்டர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

பாரம் வைத்த விதமும் தவறு. ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்னால், உருண்டையின் மேல் அழுந்த வேண்டும். 500 கிலோ என்றால் 50 முதல் 75 கிலோ. அதற்குக் குறைந்தால் வேகத்தில் பின்பக்கம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். இவர் உபரிச் சக்கரத்தையும் இரும்பு ஏணியையும் பின்முனையில் கொண்டுபோய் வைத்திருந்தார். டிரெய்லரின் முன்முனையை நான் ஒரே கையால் தூக்க முடிந்தது.

அச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைலக்ஸில் சக்கரத்தைத் தாங்குவதே உள்ளே இருக்கும் அச்சுத்தண்டுதான், அதை உருவிவிட முடியாது. ஆகவே எஞ்சின் இல்லாவிட்டாலும் சக்கரம் சுற்றும்போது நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களும் சுற்றும், அவற்றுக்கு எண்ணெய் வேண்டும். இவர் "இனி எதற்கு எண்ணெய்" என்று வடித்துவிட்டிருந்தார். இழுத்துப் போனபோது ஊளையிடும் சத்தம் கேட்டதற்குக் காரணம் அதுதான். விளக்குகளுக்குத் தனி எர்த் வயர் இல்லை, பிரேக் அடித்தால் சிக்னலும் சேர்ந்து மின்னியது. டீசல் தொட்டியை மட்டும் அறுப்பதற்கு முன் கழற்றியிருந்தார்கள். அந்த அளவுக்காவது அங்கே வேலை செய்த பையன்களின் உயிர் தப்பியது.

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பட்டறைக்காரரின் பேச்சு மாறியது. "ஓசியில் செய்து கொடுத்த மாதிரி பேசாதே" என்று ஒருமைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அழைப்பை எடுப்பதில்லை.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்பதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். வண்டியின் முன்பாதியும் கிராண்டும் திரும்பி வரவில்லை என்று போலீஸில் புகார் செய்து, அதன் நகலைச் சாலைப் போக்குவரத்துத் துறையிலும் கொடுத்தேன். இனி அந்த எண்ணில் ஏதாவது நடந்தால் காட்டுவதற்கு அந்த நகல் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. கொடுத்த பணத்துக்காக மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. நடுவர் மன்றத்தின் தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஆனால் சொந்த, குடும்பத் தேவைக்காகச் செய்த வேலையாக இருக்க வேண்டும். வியாபாரத்துக்காகச் செய்தது என்றால் அங்கே எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுக்குப் போகலாம், அங்கே 5,000 வெள்ளிதான் உச்சவரம்பு. மனு எழுதத் தயங்குபவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள், தமிழில் பேசி விளக்கம் பெறலாம்.

இப்படி ஒரு பட்டறையில் உங்கள் வண்டி இப்போது நிற்கிறது, இன்னும் அறுக்கவில்லை என்றால் இன்றே போங்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் படம் எடுங்கள். கிராண்டைத் திரும்ப வாங்குங்கள், நகலை மட்டும் கொடுங்கள். சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதிக் கடிதத்தை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை அறுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் இழுவை லோரியை அழைத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஏற்கெனவே முன்பாதியைப் பறிகொடுத்தவர்கள் யாராவது இருந்தால் வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் செலுத்திய ரசீதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு என்னைத் தொடர்புகொள்ளுங்கள். விசாரணை அதிகாரியிடம் சேர்ந்தே போவோம்.