பழைய ஜப்பான் டிரம் செட்டும் நிற்க மறுக்கும் டாமும்

என் டிரம் செட்டின் டாம் ஹோல்டர், அதாவது பேஸ் டிரம்மின் மேல் டாம் என்ற சின்ன டிரம்மைத் தாங்கும் சாமான், மறுபடியும் பினாங்கு பிறையில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது. ரெயிலைக் கவ்விப் பிடிக்கும் வார்ப்புத் துண்டு இந்தத் தடவை விங் போல்ட் இறங்கும் இடத்திலேயே பிளந்துவிட்டது. பட்டறை முதலாளி தவுக்கே அதை லைட்டுக்கு நேராகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மேலே குரோம் முலாம், உள்ளே துத்தநாகக் கலவை. 400 டிகிரியைத் தொடுமுன்பே உருகிவிடும் உலோகம் அது. வெல்டிங் வைத்தால் விரிசல் ஒட்டாது, துண்டே வழிந்து ஓடிவிடும். கடைசியில் ஒரு பித்தளைக் கட்டியைக் கடைந்து, மரை வெட்டி, புதிதாகவே ஒன்று செய்து கொடுத்தார். 180 வெள்ளி. இந்தச் செட்டுக்கு வாங்கிப் போட்ட ஸ்கின்கள், அதாவது அடிக்கும் தோல்கள், எல்லாம் சேர்ந்தும் அவ்வளவு ஆகவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, கீழே வருவதை அதற்கேற்பக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

செட் 60களில் ஜப்பானில் செய்தது. பேஸ் டிரம் 20 அங்குலம், டாம் 12, தரையில் காலூன்றி நிற்கும் ஃப்ளோர் டாம் 14. டிரம்மில் ஒட்டிய பெயர்ப் பட்டையில் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் அதை வைத்து எந்த ஆலையில் செய்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்த பிறகு டிரம் வேண்டுமென்று கேட்காத பையன் இல்லை. ஜப்பானிய ஆலைகள் செட்டைச் செய்து, வாங்குகிற வியாபாரி கேட்ட பெயரை ஒட்டி அனுப்பின. பேர்ல் கம்பெனி 1961இல் சிபாவில் கட்டிய ஆலையிலிருந்து மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களின் பெயர்களில் செட்டுகள் போயிருக்கின்றன. அதனால் பட்டையைப் பார்த்து விலை பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஷெல், அதாவது டிரம்மின் மரக்கூடு, லவான் பலகை. சேகரிப்பாளர்கள் மேப்பிள், பிர்ச் என்று பேசிவிட்டு இதைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார்கள். லவான் என்பது நம் ஊரில் கதவு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் போடுகிற மெராந்தியின் இனம்தான். பிலிப்பைன்ஸிலும் சபாவிலும் வெட்டிய மரம் ஜப்பானுக்குக் கப்பலேறிய காலம் அது. இங்கிருந்து போன மரமே சத்தமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். மென்மையான மரம் என்பதால் ஃப்ளோர் டாம் அடிவயிற்றிலிருந்து பேசும். மைக் வைக்காத சின்ன மண்டபத்தில், மெதுவான பாட்டில், பிரஷ் போட்டு வாசித்தால் பாடகர் திரும்பிப் பார்ப்பார். இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

புகார் முழுக்க டாம் மேலேதான். அதாவது டாம் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சாமான் மேலே.

அந்தக் காலத்து அமைப்பு இது: பேஸ் டிரம் ஷெல்லின் உச்சியில் ஒரு வளைந்த ரெயிலைத் திருகி வைத்திருப்பார்கள். அதில் முன்னும் பின்னும் நகரும் ஒரு துண்டு, அதிலிருந்து எழும்பும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் பல் வைத்த இரண்டு வட்டத் தகடுகள், அதற்கு அப்புறம் டாம். டாமின் முழுப் பாரமும், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு அடியும், இரண்டு விங் போல்ட் நுனியிலும் அந்தச் சின்னப் பற்களிலும் வந்து இறங்குகிறது. பல் மழுங்கினால் சாய்வு நிற்காது. போல்ட் நுனி கம்பியில் பள்ளம் பறித்துவிட்டால், எந்தக் கோணத்தில் வைத்தாலும் கம்பி வழுக்கிப் பழைய பள்ளத்துக்கே போய் விழும். கல்யாண விருந்தில் மெலடி இரண்டு போகும்வரை மரியாதையாக இருக்கும். குத்துப்பாட்டு ஆரம்பித்ததும் பஸ்ஸில் தூங்குகிறவன் தலை மாதிரி டாம் மெல்ல மெல்ல என் பக்கம் சாயும். நான் இடது கையால் தூக்கிவிட்டு வலது கையால் தாளத்தைக் காப்பாற்றுவேன். கீபோர்டு வாசிக்கும் அண்ணனுக்கு இது பழகிவிட்டது, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நியாயமாகச் சொன்னால் இது என் செட்டின் குறை மட்டும் இல்லை. ரெயில் என்ற யோசனையே அமெரிக்கக் கம்பெனிகளைப் பார்த்துச் செய்ததுதான். அதே காலத்தில் ரோஜர்ஸ் கம்பெனி சுவிவ்-ஓ-மேட்டிக் என்று உருண்டை வைத்த ஹோல்டரைச் செய்துகொண்டிருந்தது. அறுகோணக் கம்பி ஒரு உலோக உருண்டைக்குள் நுழையும், உருண்டையை இறுக்கினால் எந்தக் கோணத்திலும் நிற்கும். பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் லுட்விக் கம்பெனி டிரம்மில் டாமைத் தாங்கியது இந்த ரோஜர்ஸ் ஹோல்டர்தான் என்பதைப் படங்களில் பார்க்கலாம். லுட்விக் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனவரின் டாமே இன்னொரு கம்பெனிச் சாமானில் நின்றது என்றால், ரெயிலைப் பற்றி நான் மட்டும் புலம்பவில்லை என்று தெரிகிறது அல்லவா.

இதையெல்லாம் இப்போது எழுத இன்னொரு காரணம், கோலாலம்பூரில் இருக்கும் ஒரு தம்பி. செந்தூலில் யாரோ இதே காலத்துச் செட் ஒன்றை விற்கிறார்களாம். "அண்ணே, ஷெல் பளபளன்னு இருக்கு, ஸ்கின் மட்டும் மாத்துனா போதும்னு சொல்றாங்க, எடுத்துடவா?" என்று படங்களோடு கேட்டான். எல்லாப் படமும் முன்பக்கம். ஹோல்டர் எங்கே என்று கேட்டேன். "பையில் தனியா இருக்காம்ணே." அந்தப் பதிலுக்கே எனக்குக் காய்ச்சல் வந்தது.

தம்பி, ஸ்கின் கடையில் கிடைக்கும். மேலே ஒட்டிய ஸ்பார்க்கிள் தாள் கிழிந்திருந்தாலும் வாசிக்கலாம். ஸ்கின்னை இறுக்கும் டென்ஷன் ராடு வளைந்திருந்தால் மாற்றலாம். பையில் இருக்கும் அந்த ஹோல்டர்தான் கிடைக்காது. அதனால் போனவுடன் டாமை அதன் சொந்த ஹோல்டரில் மாட்டச் சொல். நீ சாதாரணமாக வைக்கும் சாய்வில் வை. கம்பியும் துண்டும் சேரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டின் மேலும் சேர்ந்து விழும்படி பேனாவால் ஒரு கோடு போடு. பிறகு கால் மணி நேரம் வாசி. தடவிப் பார்க்கிற வாசிப்பு இல்லை, மேடையில் அடிப்பது போல அடி. கோடு இரண்டாகப் பிரிந்தால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் எல்லாவற்றையும் கழற்று. காந்தம் ஒன்று கொண்டு போ. கம்பியில் ஒட்டும், அது இரும்பு. ஒட்டாத வார்ப்புத் துண்டுகளைத்தான் நின்று பார்க்க வேண்டும். போல்ட் துளையைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தாலும் அது அழுக்கு என்று நினைக்காதே, நகத்தால் கீறிப் பார். குரோம் கொப்பளித்து, அடியில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் உள்ளே துத்தநாகம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. நம் ஊர் ஈரத்தில், அதுவும் கடற்கரை வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்த செட்டில், இது சர்வ சாதாரணம். கைபேசி லைட்டை ஷெல்லுக்குள் அடித்து, ரெயில் போல்டுகளுக்கு உள்பக்கம் வாஷரோ தகடோ இருக்கிறதா, பலகை உள்ளே அமுங்கியிருக்கிறதா, துளை நீளவட்டமாகிவிட்டதா என்று பார். மெல்லிய ஷெல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால், ஹோல்டரை எவ்வளவு இறுக்கினாலும் டிரம்மே கூடச் சேர்ந்து ஆடும்.

மரை விஷயத்தில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது, பெரும்பாலும் வேண்டுமென்றே இல்லை. காணாமல் போன விங் போல்டுக்குப் பதிலாக யாரோ ஹார்டுவேர் கடையில் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். எம்8 போல்டின் குறுக்களவு 8 மி.மீ., அமெரிக்க 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எம்8இல் மரை இடைவெளி 1.25 மி.மீ., மற்றதில் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது ஏறக்குறைய 1.41 மி.மீ. இரண்டு சுற்று சுகமாகப் போகும், மூன்றாவதில் இறுகும். நன்றாகப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுவாய். உண்மையில் உள்மரையை அது தின்றுகொண்டிருக்கும். துத்தநாகம் எதிர்ப்பே காட்டாது. ஆகவே ஒவ்வொரு விங் போல்டையும் விரலால் மட்டும் முழுக்க இறக்கிப் பார். ஸ்பேனர் தேவைப்பட்டால் அது அதன் போல்ட் இல்லை. ஃப்ளோர் டாம் காலும் பேஸ் டிரம் நகராமல் பிடிக்கும் ஸ்பர் கம்பியும் இதே கதைதான். கால் மாற்ற வேண்டியிருந்தால் காலிப்பர் வைத்துக் கம்பியின் தடிமனை அள, 9.5 மி.மீ.யும் 10.5 மி.மீ.யும் பார்வைக்குத் தெரியாது, பிராக்கெட்டுக்குத் தெரியும்.

யாராவது ரெயிலைக் கழற்றிவிட்டு, ஷெல்லில் துளை போட்டு, புது ஹோல்டர் வைத்த செட்டாக இருந்தால்? சேகரிப்பாளர்கள் அழுவார்கள், விலை சரியும். வாசிக்கிறவனுக்கு அதுதான் நல்ல செட். சந்தேகமே இல்லாமல் எடு. என் செட்டில் துளை போடுவாயா என்று மட்டும் கேட்காதே.

ஸ்னேர் ஸ்டாண்டு ஒன்று வாங்கி அதன் மேல் 12 அங்குல டாமை உட்கார வைத்தால் எல்லாம் தீர்ந்தது என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. சொல்வது சரிதான். சர்ச்சில் வாசிக்கும்போது அப்படித்தான் வைக்கிறேன், ஒரு அங்குலம்கூட நகர்வதில்லை. ஸ்டாண்டின் விலை அந்தப் பித்தளைத் துண்டை விடக் குறைவு. இருந்தும் ரெயிலில் நிற்கும் டாமைப் பார்த்தால்தான் அது அந்தக் காலத்துச் செட்டாகத் தெரிகிறது. பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பழைய இரும்புப் பெட்டிகளைக் கிளறுவதையும் நான் விடவில்லை. ஒரு தடவை அங்கே சரியான விங் போல்ட் கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நல்ல மனநிலையில் இருந்தேன் என்று வீட்டில் சொன்னார்கள்.

என் தீர்ப்பு கேட்டால்: சத்தத்துக்குப் பத்துக்கு ஒன்பது. உறுதிக்கு இரண்டு, பித்தளைக்குப் பிறகு வேண்டுமானால் மூன்று. விற்பாயா என்று போன வாரம் ஒருவர் கேட்டார், நல்ல விலைதான் சொன்னார், விற்கவில்லை. ஆனாலும் தம்பி, நீ வாங்காதே. மேடை வேலைக்குப் போகிறவன் நீ, உனக்கு நிற்கிற டாம் வேண்டும். போய்ப் பார்த்ததில் அந்தப் பையில் இருக்கும் ஹோல்டர் விரிசல் இல்லாமல், பல் மழுங்காமல் இருந்தால் மட்டும், விற்கிறவர் எண்ணை இன்றைக்கே எனக்கு அனுப்பிவிடு. ஷெல்லை அவரே வைத்துக்கொள்ளட்டும்.